சேராத மூலை

சென்னை
3-6-91

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுது, வாங்கி அனுப்புகிறேன்.

உன்னிடம் ஒரு வேலை வாங்கப் போகிறேன். முடியாது என்று சொல்லிவிடாதே, முடியும் என்று சாரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

நம் கோவிலில் ஓட்டுக் கூரையைப் பிரித்து சிமென்ட் வளைவு போட்டதிலிருந்து ஃபாதரின் பிரசங்கம் கூழாகத்தானே காதில் விழுகிறது? அதைச் சரிசெய்ய வழி கேட்டு ஃபாதர் எங்கள் ஒலி ஆய்வகத்துக்கு எழுதியிருக்கிறார். சார் அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்து, "ஒரகடம் பக்கம் நாவல்தாங்கலாம், கேள்விப்பட்டிருக்கியாம்மா?" என்று கேட்டார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. என் ஊர்தான் சார் என்றேன். அன்றே வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் தனியாகச் செய்யப்போகிற முதல் வேலை இது அண்ணா.

வேலை இதுதான். நம் கோவிலைக் கம்ப்யூட்டருக்குள் கட்ட வேண்டும். பீடத்திலிருந்து பந்துகளை எறிவதுபோல அது சத்தத்தை எறியும். சுவரில் பட்டுத் திரும்பி எந்தப் பந்து எங்கே போய்ச் சேருகிறது என்று கணக்குப் போடும். அதனால் சுவர், தரை, கூரை எல்லாம் சந்தில்லாமல் மூடியிருக்க வேண்டும். ஒரு மூலை சேராவிட்டாலும் பந்துகள் அந்த வழியாக ஓடிவிடும். அப்புறம் கணக்கு கோவிந்தா.

சுரூபங்கள், மெழுகுவர்த்தி ஸ்டாண்டு, பெஞ்சு எதையும் அளக்காதே. சில்லறைச் சாமான்கள் மெஷினைக் குழப்பும். கூரை வளைவைப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொள், அதற்கு வளைவு தெரியாது, தட்டையாக இருந்தால்தான் புரியும். ஒவ்வொரு சுவரின் மூலைகளையும் கோவிலுக்குள் நின்று பார்க்கிறபடி வரிசையாகக் குறித்துக்கொண்டு வா. எந்தச் சுவர் என்ன சாமானால் ஆனது என்றும் எழுது. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு எண் கொடுக்க வேண்டும். சிமென்ட் சுவர் வந்த சத்தத்தை அப்படியே திருப்பி அனுப்பும், அதற்கு சைபரை ஒட்டி ஒரு எண். திறந்த ஜன்னல் வழியாகப் போன சத்தம் திரும்பாது, அதற்கு ஒன்று.

தெற்குக் கூடத்தை விட்டுவிடாதே. நாம் உட்காருகிற இடம் முதலில் சரியாக வர வேண்டும்.

அன்புத் தங்கை
மெர்சி


நாவல்தாங்கல்
16-6-91

அன்புத் தங்கை மெர்சிக்கு,

கம்பெனியில் எட்டு மணி நேரம் பல்சக்கரம் அறுத்துவிட்டு வருகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்துவிட்டாய். இருக்கட்டும். அளவெல்லாம் இதோடு இருக்கிறது.

கம்பெனி டேப்பைக் கேட்டு வாங்கி, நீளமான மூங்கில் கழியில் அடிக்கணக்குக் குறித்துக்கொண்டு வந்தேன். மே மாசக் குண்டுவெடிப்புக்கு அப்புறம் ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சோதிக்கிறார்கள், உனக்கே தெரியும். என் பையில் டேப்பும், கோவிலின் படம் வரைந்த தாளும். போலீஸ்காரர் என்னைக் கீழே இறக்கிவிட்டார். "இன்னாத்துக்குய்யா கோயில அளக்கற? யார் அனுப்பனது?" என்றார். என் தங்கச்சி கம்ப்யூட்டருக்கு சார் என்றேன். மனிதருக்கு இன்னும் சந்தேகம் அதிகமாகிவிட்டது. பிறகு வல்லக்கோட்டை கிருத்திகைக் கூட்டம் ஏறி நெரிசலானதும், போய்த்தொலை என்று விட்டார்.

இங்கே வந்தால் அது ஒரு தனி விசாரணை. நானும் சித்தப்பாவும் பீடத்துக்குப் பக்கத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கோவில் கமிட்டித் தலைவர் அப்பாவு உள்ளே வந்தார். "இன்னாடா மைக்கேலு, காலனிக்காரனுக்குப் பீடத்தாண்ட இன்னா வேலை? உங்க கூடம் அந்தாண்ட கீது" என்றார். ஃபாதர் சொல்லித்தான் அளக்கிறோம் என்றதும் நகர்ந்தார். ஆனால் முடிகிறவரை வாசலிலேயே நின்றார். சித்தப்பாவின் கவனமெல்லாம் வாசல் பக்கமே இருந்தது, அந்தச் சுவரை மட்டும் இரண்டு தடவை அளந்தோம்.

தெற்குக் கூடத்தை நிதானமாக அளந்தேன். அங்கே எங்களை யார் கேட்பார்கள்? தரையிலிருந்து கழியை நிறுத்தி, சுவர், பெரிய கூடத்துக்குத் திறக்கிற வளைவு வாசல், கூரை எல்லாம் எடுத்திருக்கிறேன்.

அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். என் பொண்ணு கோயிலுக்கே வைத்தியம் பார்க்கிறாள் என்று. இனிமேல் ஃபாதர் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் நம் காதில் விழுமாம். பீடத்தைத்தான் பார்க்க முடியவில்லை, காதிலாவது விழட்டும் என்கிறாள்.

உன் அண்ணன்
மைக்கேல்ராஜ்


சென்னை
28-6-91

அன்புள்ள அண்ணனுக்கு,

அளவுகள் கிடைத்தன. பெரிய கூடம் அச்சு அசலாக வந்துவிட்டது. திரையில் கோடு கோடாக நம் கோவிலைப் பார்த்தபோது ஷாலினைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஷாலின் என்னோடு ஆய்வகத்தில் இருக்கிறவள், நல்ல பெண்.

தெற்குக் கூடம்தான் சேரவில்லை. உன் அளவுப்படி அதன் சுவர் பெரிய கூடத்துச் சுவரைவிட அரை அடி உயரமாக நிற்கிறது. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் நீளமாக ஒரு சந்து. பந்தெல்லாம் அந்த வழியாக ஓடுகிறது. டேப் எங்கேயோ நழுவியிருக்கும். மறுபடி ஒரு தடவை அளந்து எழுது. கோபப்படாதே.

இன்னொரு சேதி. ஜூலை பதினாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சாரும் நாங்களும் கோவிலுக்கு வருகிறோம். பூசை நடக்கும்போது சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். அன்றைக்கு நேரம் இருக்காது அண்ணா. வீட்டுக்கு வர முடியுமா தெரியவில்லை. அம்மா சமைக்க வேண்டாம் என்று சொல். வேனில் எல்லாரும் சேர்ந்து வருகிறோம், சேர்ந்தே திரும்ப வேண்டும். அம்மா தப்பாக எடுத்துக்கொள்ளாதபடி நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நான் எழுதுவது எனக்கே சரியாகப் படவில்லை. நேரில் பேசிக்கொள்ளலாம்.

மெர்சி


நாவல்தாங்கல்
15-7-91

மெர்சி,

நேரில் பேசிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். நேற்று நேரில் பேசியதுதான் தெரியுமே.

நீ பெரிய கூடத்தில், முன் வரிசையில், சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய். வேலைக்காக உட்கார்ந்தாய் என்று வைத்துக்கொள்கிறேன். மைக் வைத்திருந்தாய், பதிவு செய்துகொண்டிருந்தாய், சரி. பூசை முடிந்த பிறகும் தெற்குக் கூடத்துப் பக்கம் நீ வரவில்லை. ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா சமைக்காமல் இருப்பாளா? சுழியம் சுட்டு, தூக்குச்சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உன் வேன்வரை வந்தாள். அந்தக் கண்ணாடி போட்ட பெண் உன்னிடம், யார் இவங்க என்று கேட்டாள். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "தெரிஞ்சவங்க" என்றாய்.

அம்மாவுக்கு முழங்கால்தான் வலி, காது நன்றாகக் கேட்கும்.

தூக்கை வாங்கிக்கொண்டாய், ரொம்ப நன்றி. வேன் போன பிறகு அம்மா என்னிடம், "அவளுக்கு வேலை அவசரம்டா" என்றாள். ஊருக்கெல்லாம் உன் பெருமை சொன்ன ஞானம்மா வாயை மூடிக்கொண்டு தெருவில் நடந்ததைக் காலனியே நின்று பார்த்தது.

பத்தாவதோடு நான் நின்றது நீ படிக்க வேண்டும் என்றுதான். அதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று இத்தனை வருஷம் இருந்தேன். இன்று சொல்கிறேன்.

தெற்குக் கூடத்தை மறுபடி அளக்கச் சொன்னாயே, அளக்க மாட்டேன். டேப் நழுவவில்லை. வேண்டுமானால் நீயே வந்து அள.

மைக்கேல்ராஜ்


சென்னை
2-8-91

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

அன்று அந்த வார்த்தை எப்படி என் வாயில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை, தெரியும். இங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஊர் எது என்று கேட்பார்கள், நாவல்தாங்கல் என்பேன். அதற்குமேல் ஒரு கேள்வி வந்துவிடுமோ என்று தினமும் பயந்துகொண்டே இருக்கிறேன். அம்மா வேனை நோக்கி வந்தபோது அந்தக் கேள்விதான் நடந்து வருவதுபோல இருந்தது. அம்மாவிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? சுழியத்தை நான் சாப்பிடவில்லை அண்ணா. ஷாலினும் மற்றவர்களும் சாப்பிட்டார்கள்.

வேலை முடிந்துவிட்டது. சாருக்கு ஒரு மாநாடு வந்ததால் அவசரப்படுத்தினார். தெற்குக் கூடம் கடைசிவரை சேரவில்லை. நானே வந்து அளந்திருக்கலாம், தைரியம் வரவில்லை. அதனால் அந்தக் கூடத்தை விட்டுவிட்டு, வளைவு வாசலைத் தட்டையாக மூடி, அதற்கு ஒன்று என்று எண் கொடுத்துவிட்டேன். எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள், பக்கத்து அறை சிக்கலாக இருந்தால் வாசலைத் திறந்த ஜன்னலாக வைத்துக்கொள்வது வழக்கம்தான். கணக்குக்காக மட்டும்.

சார் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு ஃபாதருக்கு அனுப்பிவிட்டார். இனிமேல் பிரசங்கம் நன்றாகக் கேட்கும். அம்மாவிடம் அதையாவது சொல்.

மெர்சி


நாவல்தாங்கல்
19-8-91

மெர்சிக்கு,

உன் அறிக்கையை நேற்று கமிட்டியில் படித்தார்கள். காலனியிலிருந்து நானும் சித்தப்பாவும் போய்ப் பின்னால் நின்றோம்.

ஃபாதர் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னார். தெற்கு வளைவு வழியாக நிறைய சத்தம் வீணாகப் போகிறதாம். அந்த வளைவை அடைத்துவிட்டுப் பின்சுவரில் மெத்தை ஒட்டினால் பெரிய கூடத்தில் பிரசங்கம் தெளிவாகக் கேட்குமாம். அப்பாவு எழுந்து நின்றுவிட்டார். "நாங்க சொன்னா சாதி பாக்கறோம்பீங்க. இப்ப கம்ப்யூட்டரே சொல்லிடுச்சி. சொவுரு எடுத்துட்டு அவங்களுக்குத் தனியா ஒரு ஸ்பீக்கரு மாட்டிக் குடுத்துடலாம் ஃபாதர், அவங்களும் சவுரியமா கேட்டுக்கினு இருப்பாங்க" என்றார். பெரிய கூடமே கை தட்டியது. ஃபாதர் புதுசு, நல்லவர், தலையைக் குனிந்துகொண்டார். மாதா திருநாள் முடிந்ததும் வேலை ஆரம்பம்.

அப்பாவு காலத்துக்கும் அப்படித்தான், அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. இதுவரை அவர்களுக்குக் காரணம் கிடைக்காமல் இருந்தது. அதை எங்கள் வீட்டுப் பெண் எடுத்துக் கொடுத்தாள். தன் கையே தன் கண்ணைக் குத்தியது என்பார்களே, அது இதுதான்.

ஒன்று என்று எண் போட்டாயாமே. போனது திரும்பி வராத இடம் என்று எங்களுக்குப் பெயர் வைத்தாய். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் போட்டிருக்கிறாய். அங்கிருந்து போன நீ திரும்பி வரவில்லையே.

இன்னொன்று கேள். அளக்க மாட்டேன் என்றவன் இன்று காலை போய் அளந்தேன். சித்தப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். என்னோடு ஷிப்டில் இருக்கிற பிள்ளைப்பாக்கத்து மாரி வந்தான். அவன் மாரியம்மன் கும்பிடுகிறவன், நம் கோவிலுக்குள் வருவது இதுதான் முதல் தடவை. பெரிய கூடத்திலிருந்து டேப்பைப் பிடித்துக்கொண்டு வளைவு வாசலைத் தாண்டியவன் தொப்பென்று விழுந்தான். "இன்னாபா, இங்க ஒரு படி கீது, சொல்லமாட்டியா?" என்றான்.

படி. நம் கூடத்துத் தரை பெரிய கூடத்தைவிட ஒரு படி கீழே இருக்கிறது. உன் அரை அடி அதுதான். நான் கழியை நம் தரையில் நிறுத்தி அளந்தேன், நீ அவர்கள் தரையிலிருந்து கணக்குப் போட்டாய். எப்படிச் சேரும்? பிறந்ததிலிருந்து அதில் இறங்கி இறங்கி, அப்படி ஒன்று இருப்பதே என் புத்தியில் ஏறவில்லை. நம் ஆட்கள் யாரும் அங்கே தடுக்கி விழுந்து நான் பார்த்ததில்லை. நான் படிக்காதவன், எனக்குத் தோன்றவில்லை. நீயும் அதே படியில்தானே விளையாடினாய்? உனக்குமா தோன்றவில்லை?

திருநாளுக்கு முன்னால் வா. வந்து ஃபாதரிடம், கணக்கு தப்பு, நான்தான் அந்தக் கூடத்தை விட்டுவிட்டேன் என்று உன் வாயால் சொல். எனக்காக வர வேண்டாம்.

மைக்கேல்ராஜ்


சென்னை
23-9-91

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே உட்கார்ந்து தெற்குக் கூடத்தின் தரையை ஒரு படி இறக்கினேன். எல்லா மூலையும் சேர்ந்துவிட்டது. ஒரு சந்துகூட இல்லை. நீ அளந்ததில் ஒரு தப்பும் இல்லை அண்ணா.

கூடத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் விடையே வேறு. உள்ளே போகிற சத்தம் வீணாகப் போகவில்லை. அங்கே நெருக்கி உட்கார்ந்திருக்கிற ஜனங்களின் உடம்பும் துணியும்தான் எதிரொலியை அடக்குகின்றன. அவர்கள் அங்கே இருப்பதால்தான் பெரிய கூடத்தில் இந்த அளவாவது பிரசங்கம் புரிகிறது. வளைவை அடைத்தால் பெரிய கூடத்தில் இன்னும் மோசமாகும். அடைக்கவே கூடாது.

இதை அப்போதே சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புதுக் கணக்குப் போட்ட தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டே ஆய்வகத்துக்குப் போனேன், வந்தேன். சொல்லப் போனால் சார், முதலில் ஏன் விட்டாய் என்பார். படி இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்பார். அந்தக் கூடத்தில் யார் உட்காருகிறார்கள் என்பார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே திருநாளும் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டுவரை ஒரு நாள் போய்த் திரும்பி வந்தேன்.

போன வாரம்தான் சொன்னேன். அங்கே என் அம்மா உட்காருகிறாள் சார் என்றேன். சார் அந்தத் தாளை வாங்கிக் கடைசிவரை படித்தார். பிறகு அறிக்கையைத் திருத்தி டைப் செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இன்று ஃபாதருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஷாலினிடமும் சொன்னேன், அன்று சுழியம் கொண்டு வந்தது என் அம்மா என்று. அவள், "சுழியம் நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள் அண்ணா. இதற்காகவா நான் இத்தனை நாள் செத்துக்கொண்டிருந்தேன்?

சுவர் வேலை இன்னும் ஆரம்பித்திருக்காது என்று வேண்டிக்கொள்கிறேன். ஒரு வரி எழுது.

மெர்சி


நாவல்தாங்கல்
7-10-91

மெர்சிக்கு,

மாதா திருநாள் முடிந்த வாரமே செங்கல் இறங்கிவிட்டது. உன் பதிவுத் தபால் வந்தபோது பூச்சு காய்ந்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபாதர் உன் இரண்டாவது அறிக்கையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். காலனிக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. "இதை முன்னாடியே அனுப்பியிருக்கக் கூடாதா?" என்றார். அடுத்த கமிட்டியில் அதையும் படித்தார். அப்பாவு சிரித்துக்கொண்டே, "கம்ப்யூட்டரு வாரத்துக்கு ஒண்ணு சொன்னா வாரத்துக்கு ஒரு தபா சொவுரு இடிக்கறதா ஃபாதர்?" என்றார். அதோடு முடிந்தது.

நீ சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. சுவர் எழுப்பின பிறகு பெரிய கூடத்தில் பிரசங்கம் முன்பைவிடக் கூழாகிவிட்டதாம். அவர்களே சொல்கிறார்கள். அதற்காக இடிப்பார்களா? கேட்காவிட்டால் போகிறது, சுவர் நின்றால் போதும் அவர்களுக்கு.

நீ முதலில் போட்ட படத்தில் இனிமேல் தப்பே இல்லை மெர்சி. படத்தைத் திருத்தாமல் கோவிலைத் திருத்திவிட்டார்கள்.

எங்கள் பக்கம் ஒரு ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறார்கள். கரகரவென்று கேட்கிறது. படி மட்டும் சுவரை ஒட்டி அப்படியே இருக்கிறது, ஏறினால் போகிறதற்கு இடம் கிடையாது. நேற்று அம்மா அதன் மேல் உட்கார்ந்து, வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டே பூசை கேட்டாள். எழுந்திருக்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது, நான் தூக்கிவிட்டேன். நீ சாரிடம் சொன்னதைச் சொன்னேன். "என்னான்னு சொன்னாளாம்?" என்று கேட்டாள். என் அம்மா என்று சொன்னாளாம் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. நான் மன்னிக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ வருவாயா என்று அம்மா கேட்கிறாள். வந்தால் முன்வாசல் வழியாக வராதே. அங்கிருந்து எங்களிடம் வர இப்போது வழி இல்லை. கோவிலைச் சுற்றிக்கொண்டு தெற்கு வாசலுக்கு வா, அம்மா அங்கேதான் இருப்பாள்.

மைக்கேல்ராஜ்